27 நாடுகள், ஒரு கெஜட்

2020 செப்டம்பரில் பெல்ஜியத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு ஓர் அவசரத் தகவல் அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு எச்சம் இருக்கிறது என்பது தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தில் எள்ளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில சரக்குகளில் இருந்ததோ அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அடுத்த சில வாரங்களில் எள் தூவிய ரொட்டி, பிஸ்கட் என்று நாட்டுக்கு நாடு கடை அலமாரிகள் காலியாயின. அக்டோபர் 22-ஆம் தேதி 2020/1540 என்ற எண்ணோடு புது விதி பிறந்தது. இந்திய எள் என்றால் இரண்டு சரக்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் எல்லையிலேயே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றது அது. ஒவ்வொன்றோடும் அரசுச் சான்றிதழும் ஆய்வக முடிவும் வந்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எள்ளுக்கு அந்த வாயுவை அடிப்பதே சால்மோனெல்லா கிருமியைக் கொல்லத்தான். அமெரிக்கா எள்ளில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை அந்த எச்சத்தை ஏற்றுக்கொள்கிறது. ஐரோப்பாவோ பயிருக்கும் விளைபொருளுக்கும் அதை அடிக்கக்கூடாது என்று 1991-லேயே சொல்லிவிட்டது. ஒரே கிடங்கிலிருந்து கிளம்பிய இரண்டு மூட்டைகளில் ஒன்று நியூயார்க்கில் நல்ல சரக்கு, இன்னொன்று ஆன்ட்வெர்ப்பில் அழிக்க வேண்டிய சரக்கு.

‘ஐரோப்பா கெடுபிடி பண்ணுகிறது’ என்று நாம் இதைப் பேசி முடித்துவிடுவோம். ஐரோப்பா என்றால் யார்? பெல்ஜியமா, ஆணையமா, நாடாளுமன்றமா? அந்த விதியை யார் எழுதினார்கள், யார் கை தூக்கினார்கள், எழுதும்போதே பார்க்க வழி இருந்ததா? ஏற்றுமதியாளர், வழக்கறிஞர், சரக்கு முகவர், பத்திரிகையாளர் என்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் பிழைக்கிற ஒரு கூட்டமே உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களுக்கு அந்த ஒன்றியம் முதலில் ஒரு காகிதக் கட்டு. எந்தக் காகிதம் எந்தக் கட்டத்தில் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவருக்குப் பல மாதம், சில சமயம் பல வருஷம், கையில் மிச்சமிருக்கும்.

யார் அங்கே முதலாளி?

1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஓர் அறிக்கை வாசித்தார். பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியுடையதோடு சேர்த்து ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைக்கலாம் என்பது யோசனை. எழுதிக் கொடுத்தவர் ழான் மொனே. பீரங்கிக்கு வேண்டிய இரண்டு பொருளையும் தனித்தனியாக யாரும் கையாள முடியாதபடி செய்துவிட்டால் சண்டை போடுவது எப்படி என்பது கணக்கு. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951-இல் கையெழுத்திட்டன. 1957-இல் ரோம் ஒப்பந்தம், 1992-இல் மாஸ்ட்ரிக்ட், 2007-இல் லிஸ்பன். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. இன்றைக்கு 27 நாடுகள், ஏறத்தாழ 45 கோடி மக்கள், 24 அலுவல் மொழிகள்.

நம்மூர்க் கண்ணோடு பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும். பிரதமர் இல்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவும் நமக்குப் பழகிய மாதிரி இல்லை. நாடாளுமன்றத்தில் 720 உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களில் எவரும் தாமாக ஒரு சட்ட மசோதாவைக் கொண்டுவர முடியாது. மசோதாவை எழுதும் உரிமை, அநேகமாக எல்லாத் துறையிலும், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையத்துக்கு மட்டும்தான். நாட்டுக்கு ஒருவர் என்று அதில் 27 ஆணையர்கள். கீழே சுமார் 32,000 ஊழியர்கள். அவர்கள் எழுதியதை இரண்டு சபைகள் திருத்தி, ஒப்புக்கொண்டால்தான் சட்டம். ஒரு சபை நேரடித் தேர்தலில் வந்த நாடாளுமன்றம். இன்னொன்று ‘கவுன்சில்’; நாடுகளின் அமைச்சர்கள் உட்காருவது. விவசாயம் என்றால் விவசாய அமைச்சர்கள், நிதி என்றால் நிதியமைச்சர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு நாடு தலைமை ஏற்கும்.

இந்த கவுன்சிலோடு இன்னும் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வாடிக்கை. 27 நாட்டுத் தலைவர்களும் கூடிப் பெரிய முடிவு எடுப்பது ஐரோப்பிய கவுன்சில். அது சட்டம் இயற்றாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1949-இல் தொடங்கிய ஐரோப்பாவின் கவுன்சிலோ ஒன்றியத்தில் சேர்ந்ததே அல்ல. மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது; ஒன்றியத்தின் நீதிமன்றம் இருப்பது லக்சம்பர்க்கில். ‘ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு’ என்று ஒரு செய்தியைப் பார்த்தால், தீர்ப்பு வந்த ஊர் லக்சம்பர்க்கா ஸ்ட்ராஸ்பர்க்கா என்று பார்ப்பது தொழில் தெரிந்தவர்களின் முதல் வேலை.

அமைச்சர்கள் சபையில் பெரும்பாலான விஷயங்களுக்கு இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். 27-இல் 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும். அந்த நாடுகளின் மக்கள்தொகை ஒன்றியத்தில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். தடுக்க நினைப்பவர்களுக்கும் குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். இரண்டு மூன்று பெரிய நாடுகள் மட்டும் கைகோத்து நின்றால் போதாது. வரி, வெளியுறவு போன்றவற்றில் மட்டும் ஒருமனதான சம்மதம் தேவை. மால்டா மாதிரி ஒரு சின்ன நாடு அங்கே முரண்டு பிடித்தாலும் வண்டி நின்றுவிடும். இதில் அநியாயம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு பூட்டு இல்லாவிட்டால் பாதி நாடுகள் சேர்ந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

நாடாளுமன்றத்தின் மாதாந்திர ஊர்வலத்தையும் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்களின் அன்றாட வேலை பிரஸ்ஸல்ஸில். ஆனால் ஒப்பந்தப்படி ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை ஸ்ட்ராஸ்பர்க் போய்க் கூட வேண்டும். பெட்டி படுக்கையோடு போய் வரும் இந்தப் பழக்கத்தை விட்டால் ஆண்டுக்கு 11.4 கோடி யூரோ மிச்சமாகும் என்று ஒன்றியத்தின் தணிக்கை மன்றமே 2014-இல் கணக்குப் போட்டது. விடமாட்டார்கள். மாற்ற பிரான்சும் ஒப்ப வேண்டுமே!

1,925 லிரா மின்கட்டணம்

இத்தனை அலுவலகங்களும் சேர்ந்து எழுதுகிற விதிக்கு ஒரு தனிமனிதர் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஒப்பந்தம் போட்டது நாடுகள்தானே? இதற்கு விடை சொன்னவை அரசியல்வாதிகளின் உரைகள் அல்ல. இரண்டு அற்பமான பண வழக்குகள்.

முதலாவது, நெதர்லாந்தில் வான் கெண்ட் என் லோஸ் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் வழக்கு. ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பசை மூலப்பொருளை அது இறக்குமதி செய்தது. சுங்கத்தில் 3 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதம் கேட்டார்கள். உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரியை ஏற்றக்கூடாது என்று ரோம் ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 1963 பிப்ரவரி 5 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்ன பதில் பலரைத் தூக்கிவாரிப்போட்டது: ஒப்பந்தம் நாடுகளுக்கு மட்டுமில்லை, குடிமக்களுக்கும் நேரடியாக உரிமை தருகிறது, அதை வைத்து உள்ளூர் நீதிமன்றத்திலேயே அவர்கள் வாதாடலாம்.

அடுத்த ஆண்டு மிலான் நகரத்து வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா. இத்தாலி அரசு மின்சாரத்தை நாட்டுடைமையாக்கியதில் அவருக்கு ஒப்புதல் இல்லை. ஒரு மின் நிறுவனத்தில் அவர் பங்குதாரரும்கூட. புதிய அரசு நிறுவனம் அனுப்பிய 1,925 லிரா பில்லைக் கட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சின்னத் தொகை. ஆனால் அந்த வழக்கில்தான், நாட்டின் சட்டமும் பொதுச் சட்டமும் மோதினால் பொதுச் சட்டமே மேலானது என்று 1964 ஜூலையில் நீதிமன்றம் எழுதியது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி வெளிப்படையாக இல்லை. இத்தனை பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டது அந்தத் தீர்ப்புதான் என்று சட்டக்கல்லூரிகளில் இன்றைக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்கள்.

1979-இல் மதுவும் தன் பங்குக்கு வந்தது. பழ மதுவில் 25 சதவீதம் ஆல்கஹால் இருந்தால்தான் விற்கலாம் என்றது ஜெர்மானிய விதி. பிரான்சின் ‘காஸிஸ் தெ திஜோன்’ அதைவிட லேசானது. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கப்படும் பொருளைத் தக்க காரணமில்லாமல் இன்னொரு நாடு தடுக்க முடியாது என்றது தீர்ப்பு. இன்றைக்குக் கோயம்புத்தூர் பொருள் ரோட்டர்டாமில் இறங்கிச் சுங்கம் தாண்டிவிட்டால் போலந்து வரை தடையில்லாமல் போகிறது என்றால் அதன் வேர் இதுபோன்ற தீர்ப்புகளில் இருக்கிறது.

அதனால்தான் அங்கே சட்டத்தைத் தேடுகிறவர்கள் தீர்ப்புகளை ஒதுக்குவதில்லை. லக்சம்பர்க் நீதிமன்றத்தின் தளமான ‘கியூரியா’வில் தீர்ப்பும், அதற்கு முன் ‘அட்வகேட் ஜெனரல்’ எழுதும் கருத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கருத்து நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஓர் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

ஒன்றியத்தின் அரசிதழ்தான் எல்லாவற்றுக்கும் கடைசி நிறுத்தம். அதில் வராதது சட்டம் இல்லை. 2013 ஜூலை முதல் மின் பதிப்பே அதிகாரப்பூர்வப் பிரதி. அச்சுப் பிரதி பழங்கதை. முன்பெல்லாம் ஓர் இதழில் பல விதிகள் சேர்ந்து வரும். 2023 அக்டோபர் முதல் ஒவ்வொரு விதியும் தனித்தனியாக, தனக்கென ஓர் எண்ணோடு வெளியாகிறது. ‘எல்’ வரிசையில் சட்டங்கள், ‘சி’ வரிசையில் அறிவிப்புகள். டெண்டர் விளம்பரங்களுக்குத் தனி இணைப்பு. ‘டெட்’ என்ற தளத்தில் தேடலாம்.

‘யூர்-லெக்ஸ்’ என்ற தளத்தில் இவை எல்லாம் குவிந்து கிடக்கின்றன. அங்கே தேடுகிறவர்கள் சொற்களை நம்பி இறங்குவதில்லை, எண்ணோடுதான் போவார்கள். ‘செலக்ஸ்’ எண் என்று பெயர். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான புகழ்பெற்ற விதியை எடுத்துக்கொள்வோம்: 32016ஆர்0679. முதலில் வரும் 3 என்றால் இயற்றப்பட்ட சட்டம். 1 என்றால் ஒப்பந்தம், 5 என்றால் இன்னும் தயாரிப்பில் உள்ள ஆவணம், 6 என்றால் தீர்ப்பு. பிறகு ஆண்டு. ‘ஆர்’ என்றால் ரெகுலேஷன்: 27 நாட்டிலும் அப்படியே, மறுபேச்சில்லாமல் செல்லும். அந்த இடத்தில் ‘எல்’ இருந்தால் டைரக்டிவ். இலக்கை மட்டும் ஒன்றியம் சொல்லும், அதை எட்டும் சட்டத்தை ஒவ்வொரு நாடும் தன் வழியில் எழுதிக்கொள்ளும். இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் விட்டவர் தலையில் கை வைத்துக்கொள்ள நேரும். டைரக்டிவ் என்றால் அசல் விதி ஜெர்மன் கெஜட்டில் ஒருவிதமாகவும் ஸ்பெயின் கெஜட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கும். அவற்றைத் தேட ‘என்-லெக்ஸ்’ என்ற வேறு வாசல்.

அதே எண் 0-இல் தொடங்கினால்? அது திருத்தங்கள் எல்லாம் சேர்த்துத் தைத்த பிரதி. படிக்க வசதி, எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள். ஆனால் அதற்குச் சட்ட அந்தஸ்து கிடையாது என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். வழக்கில் காட்ட வேண்டுமென்றால் அசலையும் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இணையம் வருவதற்கு முன் இந்தக் காகிதங்களைக் காத்தவர்கள் நூலகர்கள். பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஆவண மையங்களை ஆணையம் 1963 முதலே ஏற்படுத்திவந்தது. கட்டுக்கட்டாக வந்து இறங்கிய ஆவணங்களை வகைபிரித்து, எந்த அறிக்கை எந்த மசோதாவோடு போகும் என்று கோத்து வைத்த ஒரு தனித் தொழிலே உருவானது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ‘யூரோப்பியன் சோர்ஸஸ் ஆன்லைன்’ அந்த மரபில் வந்தது. இப்போது ஆவணம் கிடைப்பது கஷ்டமில்லை. லட்சக்கணக்கில் கிடப்பதில் வேண்டியதை எடுப்பதுதான் கஷ்டம். நூலகரின் வேலை போய்விட்டது என்று நினைப்பவர்கள் அந்தத் தளத்தில் எண் இல்லாமல் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.

கெஜட்டுக்கு முன்னால்

அரசிதழில் வந்த பிறகு படிப்பது கட்டாயம். சாமர்த்தியம் அதற்கு முன்னால் படிப்பதில் இருக்கிறது.

காடழிப்புத் தடை விதியைப் பாருங்கள். காப்பி, கோகோ, ரப்பர், சோயா, செம்பனை, மரம், மாடு ஆகியவையும் அவற்றிலிருந்து செய்த பல பொருட்களும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தவை அல்ல என்று நிரூபித்தால்தான் ஐரோப்பாவுக்குள் விடுவார்கள். எந்த நிலத்தில் விளைந்ததோ அதன் புவியிட ஆள்கூறு வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடே வரைந்து காட்ட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டமும் கன்னியாகுமரி ரப்பர் தோட்டமும் சிந்திக்க வேண்டிய விஷயம் இது. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. நீலகிரி அந்த வகையில் தப்பித்தது.

ஆணையம் இந்த மசோதாவை வெளியிட்டது 2021 நவம்பர் 17. அரசிதழில் சட்டமாக வந்தது 2023 ஜூன் 9. இடையில் ஏறத்தாழ பத்தொன்பது மாதம். அந்தக் காலம் முழுக்க இந்த மசோதாவின் நடமாட்டம் 2021/0366 என்ற கோப்பு எண்ணின் கீழ் நாடாளுமன்றத்தின் ‘சட்டமியற்றல் கண்காணிப்பகம்’ தளத்தில் பதிவாகிக்கொண்டே இருந்தது: எந்தக் கமிட்டி, யார் அறிக்கையாளர், எப்போது வாக்கெடுப்பு என்று எல்லாம். கூடவே நாடாளுமன்ற ஆய்வுத் துறை எளிய மொழியில் எழுதிய சுருக்கக் குறிப்பும். மசோதா வெளியானதும் எட்டு வாரம் யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், கருத்து எழுதலாம். எழுதியது எல்லோருக்கும் தெரியும்படி ஏறும்.

சட்டமானதோடு கதை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வர வேண்டியதை ஓராண்டு தள்ளினார்கள். 2025 டிசம்பரில் இன்னொரு முறை தள்ளினார்கள். முதல் தேதியை நம்பி மென்பொருள் வாங்கி, ஆள் போட்டு, தோட்டம் தோட்டமாக அளந்து முடித்தவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்கு அவகாசம் பரிசாகக் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் நேர்மையாக நடக்கிறவரை இப்படித் தண்டிப்பது முதல் தடவையும் இல்லை.

எள் விதியின் பாதை வேறு. அது நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு வந்த சட்டமில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தின் இணைப்புப் பட்டியலை மாற்றும் ‘நடைமுறை விதி’. இவற்றை ஆணையம் எழுதும். 27 நாடுகளின் அதிகாரிகள் உட்காரும் ஒரு கமிட்டி வாக்களிக்கும். ஆண்டுதோறும் இப்படிப்பட்ட விதிகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பத்திரிகைகளில் வருவதே இல்லை. நம் வியாபாரிகளின் வயிற்றில் அடிப்பவை பெரும்பாலும் இவைதான். எள் சேர்க்கப்பட்ட அதே பட்டியலில்தான் இந்தியக் கறிவேப்பிலை பூச்சிமருந்து எச்சத்துக்காகவும் நிலக்கடலை அஃப்ளாடாக்ஸினுக்காகவும் இருந்துவந்தன. பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது விதியே. கமிட்டிகளின் கூட்ட நிரலும் வரைவும் வாக்கு முடிவும் ஏறும் பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது; பார்ப்பவர்கள் குறைவு.

எந்த நாடு எந்தப் பொருளில் என்ன கண்டது என்ற எச்சரிக்கைகளை ‘ராஸ்ஃப்’ என்ற தளத்தில் யாரும் பார்க்கலாம். 1979 முதல் இயங்கும் ஏற்பாடு. நிறுவனத்தின் பெயர் இருக்காது. பொருள், கிளம்பிய நாடு, என்ன நஞ்சு, என்ன நடவடிக்கை என்பது இருக்கும். ஒரே நாட்டின் ஒரே பொருள் நாலைந்து முறை தொடர்ந்து தலைகாட்டினால் அடுத்தது விதிதான் என்று அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். எள் விஷயத்தில் அந்த அவகாசம் சில வாரங்களே என்பது உண்மை. எல்லாமே அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தோடு பாகற்காய், கத்திரிக்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றுக்கும் கதவை அடைத்தார்கள். பழ ஈ முதலான பூச்சிகள் இருப்பதாகச் சரக்குகள் சிக்கிக்கொண்டே இருந்தது அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும்.

இன்னொரு கதவு பிரஸ்ஸல்ஸில் இல்லை, ஜெனிவாவில் இருக்கிறது. வணிகத்தைப் பாதிக்கும் வரைவு விதிகளை உலக வர்த்தக அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிப்பது ஒன்றியத்தின் கடமை. வழக்கமாக 60 நாள் கருத்துச் சொல்ல அவகாசம். ‘இ-பிங்’ என்ற இலவச ஏற்பாட்டில் பொருளையும் நாட்டையும் பதிந்துவைத்தால் மின்னஞ்சலில் தகவல் வந்து விழும். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே தகவலை அனுப்பும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் சாமர்த்தியம்.

திருப்பூருக்கு 9.6, டாக்காவுக்குச் சுழியம்

வரி விஷயத்துக்கு ‘டாரிக்’ என்ற தளம். பத்து இலக்கக் குறியீட்டைப் போட்டால் எந்த நாட்டிலிருந்து வந்தால் எவ்வளவு சுங்கம் என்று வரும். ஆடைகளுக்குப் பொது வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் பல ஆண்டுகளாகத் திருப்பூர் கட்டியது 9.6 சதவீதம். பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான ஏற்பாட்டில் ஒன்றும் கட்டவில்லை. பனியன் தைக்கும் ஊர்களில் இந்த 9.6 என்ற எண்ணைத் தெரியாத முதலாளி கிடையாது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடப்பதாக ஒப்புக்கொண்டு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற கூடுதல் வரிச் சலுகை பெற்ற நாடு அது. போரின் இறுதிக் காலத்தில், 2008 அக்டோபரில், சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று மனித உரிமை உடன்படிக்கைகள் பற்றி ஆணையம் விசாரணை தொடங்கியது. ஓராண்டு கழித்து அறிக்கை வந்தது. 2010 பிப்ரவரியில் அமைச்சர்கள் சபை முடிவெடுத்தது. ஆகஸ்ட் 15 அன்று சலுகை நின்றது. திரும்பக் கிடைத்தது 2017 மே மாதம். ஒவ்வொரு படியும் அரசிதழில் இருக்கிறது. விசாரணை அறிவிப்பு வந்த நாளில் படித்த ஆடை ஏற்றுமதியாளருக்கு ஏறத்தாழ இரண்டு வருஷ அவகாசம் இருந்தது. சலுகை நின்ற அன்று செய்தியில் கேட்டவருக்கு ஒன்றுமில்லை.

செய்தித்தாள் ஆதாரமாகுமா?

தமிழர்கள் கவனித்த ஒரு வழக்கில் தகவலின் தரம் பற்றிய கேள்வியே தீர்ப்பின் மையமாக வந்தது. விடுதலைப் புலிகளை ஒன்றியம் 2006 மே மாதம் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதை நீட்டித்துவந்த கவுன்சில் விதிகளை எதிர்த்து வழக்கு நடந்தது. 2014 அக்டோபர் 16 அன்று லக்சம்பர்க்கின் கீழ்நிலை நீதிமன்றமான பொது நீதிமன்றம் அவற்றை நடைமுறைக் காரணங்களுக்காக ரத்து செய்தது. கவுன்சில் காட்டிய சம்பவங்கள் பத்திரிகைகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. தகுதியுள்ள ஓர் அதிகார அமைப்பு ஆராய்ந்து எடுத்த முடிவில் இடம்பெற்றவை அல்ல என்பது முக்கியக் காரணம். இந்திய அரசின் தடையைக் காட்டியதிலும் ஒரு குறை கண்டார்கள்: எதிர்த்தரப்பு தன் பக்கத்தைச் சொல்லும் உரிமைக்கு அங்கே இணையான பாதுகாப்பு இருக்கிறதா என்று கவுன்சில் போதுமான அளவுக்குச் சரிபார்க்கவில்லை. கவுன்சிலின் மேல்முறையீட்டை 2017 ஜூலை 26 அன்று அங்குள்ள மேல் நீதிமன்றத்தின் பெரும் அமர்வு தள்ளுபடி செய்தது.

தடையே நீங்கிவிட்டது என்று இதைப் படித்துக்கொள்வது எளிது. நீங்கவில்லை. ரத்தானவை குறிப்பிட்ட காலத்து விதிகள். அதன்பிறகு வந்த விதிகளில் பெயர் தொடர்ந்து இருந்தது. தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் அடுத்து வந்த அரசிதழையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: எங்கள் செய்தி ஆதாரமாகாது என்று ஒரு நீதிமன்றம் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை.

நான்காவது பத்தி

இவ்வளவு திறந்து வைத்திருக்கும் அமைப்பில் மூடிய அறையும் இருக்கிறது. மசோதாவை நாடாளுமன்றம் ஒருவிதமாகவும் அமைச்சர்கள் சபை இன்னொரு விதமாகவும் திருத்திய பிறகு, இரு தரப்பின் சிலரும் ஆணையத்தினரும் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். ‘ட்ரைலாக்’ என்று பெயர். ஒப்பந்தங்களில் அப்படி ஒரு கூட்டமே சொல்லப்படவில்லை. ஆனால் இன்றைய சட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேதான் முடிவாகின்றன. சில கூட்டங்கள் விடியற்காலை வரை நீளும்.

அந்த மேசையில் எல்லோர் முன்னாலும் இருப்பது நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. முதல் பத்தியில் ஆணையம் எழுதியது, இரண்டாவதில் நாடாளுமன்றம் கேட்பது, மூன்றாவதில் கவுன்சில் கேட்பது. மூன்றும் வெளியில் கிடைக்கும். நான்காவது பத்தி பேரத்தில் ஒப்புக்கொண்ட வாசகம். அது ரகசியமாக இருந்துவந்தது. நாடாளுமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எமிலியோ தெ கபிதானி அந்த நான்காவது பத்தியைக் கேட்டு வழக்குப் போட்டார். பேச்சு நடக்கும்போதே அதைப் பார்க்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு, பொத்தாம்பொதுவாக மறுக்க முடியாது என்று 2018 மார்ச் 22 அன்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தும் கேட்காமல் தரமாட்டார்கள். கேட்டு வாங்குவதற்குள் பேரம் முடிந்திருக்கும். பிரஸ்ஸல்ஸில் அந்தத் தாள் கசியும் வேகமோ வேறு. பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான அமைப்புகள் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்டு அங்கே காரியம் பார்க்கின்றன. சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு நான்காவது பத்தி கிடைத்துவிடும். கிடைக்காதது சேலத்திலோ நைரோபியிலோ இருக்கும் சிறு ஏற்றுமதியாளருக்கு.

ஆவணம் கேட்கும் சட்டம் அங்கே 2001-இல் வந்தது, நம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு நான்கு ஆண்டு முன்பு. நமக்கு 30 நாள். அங்கே 15 வேலைநாளில் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு 15. மறுத்தால் மறுபடி கேட்கலாம், பிறகு குறைகேட்பாளரிடமோ நீதிமன்றத்துக்கோ போகலாம். ஒன்றியத்தின் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் தர அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அந்தச் சட்டத்தின்படிதான் நியூயார்க் டைம்ஸ், கொரோனா தடுப்பூசி வாங்கிய காலத்தில் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனும் ஃபைசர் தலைவரும் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளைக் கேட்டது. அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்றது ஆணையம். இல்லை என்று சொன்னால் போதாது, எங்கே தேடினீர்கள், ஏன் கிடைக்கவில்லை என்று நம்பும்படி விளக்க வேண்டும் என்று 2025 மே 14 அன்று பொது நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்துக்கும் கோப்பு எண் போட்டு, இருபத்துநான்கு மொழியில் சட்டம் வெளியிடும் நிர்வாகத்திடம், கைப்பேசியில் வந்ததை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதற்கு இன்னும் தெளிவான வழியில்லை. சட்டத்தில் ஆவணம் என்பதற்கு உள்ள வரையறை எந்த ஊடகத்தில் இருந்தாலும் என்கிறது. கைப்பேசியும் அதில் அடங்கும். எதைப் பதிவது, எதை விடுவது என்று முடிவெடுப்பவர் மட்டும் இன்றைக்கும் அந்தக் கைப்பேசியை வைத்திருப்பவரின் அலுவலகத்திலேயே இருக்கிறார்.